கடல் கூண்டு மீன் வளர்ப்பு: செவுளில் ஒட்டும் புழுவுக்குத் திட்டத்தில் இடம் உண்டா?

புதுதில்லி: கடலில் வலை வீசிப் பிடிக்கும் மீனின் அளவு இனிப் பெரிதாக உயராது என்ற முடிவுக்கு நாடு ஏறக்குறைய வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் இந்தியக் கடலோரங்களில் 35.3 லட்சம் டன் மீன் கரை சேர்ந்தது. 2024-இல் அது 34.7 லட்சம் டன்னாகக் குறைந்தது. கூடும் தேவையைக் கடலிலேயே மீனை வளர்த்து ஈடுகட்டுவது என்பதே மத்திய, மாநில அரசுகளின் இப்போதைய கொள்கை. அந்தக் கொள்கையின் அடையாளமாக நிற்பது மிதக்கும் கூண்டு.

ரூ.20,050 கோடி மதிப்பீட்டில் 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், ஒரு கடல் கூண்டுக்கான அலகுச் செலவு ரூ.5 லட்சம் என நிர்ணயிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். விசாகப்பட்டினம் கடலில் 2007-இல் கொடுவா மீனைக் கொண்டு நடந்த முதல் பெரிய சோதனைக்குப் பின், கர்நாடகத்தின் கார்வார், தமிழகத்தின் மண்டபம், கேரளத்தின் உப்பங்கழிகள் எனக் கூண்டுகள் பரவின. கொடுவாவுடன் கோபியா எனப்படும் கடல் விரால், பொம்பனோ, களவா ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

புயல், வலை கிழிதல், தீவன விலை, திருட்டு ஆகிய இடர்கள் இத்தொழிலைப் பற்றிய எல்லா விவாதங்களிலும் பேசப்படுகின்றன. ஒன்று மட்டும் அரிதாகவே பேசப்படுகிறது. அது மீனின் செவுளில் ஒட்டி வாழும் மோனோஜீனியா வகைத் தட்டைப்புழு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள இப்புழு, கூண்டு வளர்ப்பு பரவிய நாடுகள் பலவற்றில் வளர்ப்போரின் வருமானத்தை அரித்திருக்கிறது. இந்தியா கூண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் இந்த நேரத்தில், அதைச் சமாளிக்கும் ஏற்பாடுகள் அதே வேகத்தில் வளர்கின்றனவா என்பதே கேள்வி.

திறந்த கடலில் அடங்கிக் கிடப்பது

இந்தப் புழு புதிதாக வந்த நோய் அன்று. ஏறக்குறைய எல்லாக் கடலோர மீன் இனங்களுக்கும் அவற்றுக்கே உரிய செவுள் புழுக்கள் உண்டு. கொடுவாவின் செவுளில் வாழும் ஓர் இனத்தை ஒய்.ஆர். திரிபாதி 1957-இலேயே விவரித்துப் பெயரிட்டார். கொடுவாவின் அறிவியல் பெயரைத் தாங்கி 'லேட்டசி' என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது. அதே காலத்தில் ஆர்.வி. உண்ணித்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய கடல் மீன்களில் காணப்பட்ட புழுக்களை வரிசையாக விவரித்தார். கூண்டு என்ற பேச்சே எழாத காலத்தில், இந்திய ஆய்வாளர்கள் உருப்பெருக்கியும் ஊசியும் கொண்டு செய்த அந்தப் பணி இன்றைக்கு நோய் கண்டறிதலின் அடிப்படையாக இருக்கிறது. எந்தப் புழு எந்த மீனுக்கு உரியது என்பது தெரியாமல், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

புழுவின் உடலமைப்பு எளிமையானது. பின்முனையில் கொக்கிகளோ, கவ்விகளோ, செதில் போன்ற தட்டுகளோ கொண்ட பற்றுறுப்பு இருக்கிறது. அதைக் கொண்டு செவுள் இழையைப் பற்றிக்கொள்கிறது. சில வகைகள் இழையின் மேற்படலத்தையும் கோழையையும் தின்கின்றன. வேறு சில இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நத்தை, பறவை என இடைப்பட்ட உயிர்கள் எதுவும் இதன் வாழ்க்கைச் சுழற்சிக்குத் தேவையில்லை. மீனிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து இன்னொரு மீனுக்கு. அவ்வளவுதான்.

திறந்த கடலில் இந்த நேர்வழியே புழுவுக்குத் தடையாகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு தன் உடலில் உள்ள நுண்மயிர்களால் சில மணி நேரம் நீந்தித் தனக்குரிய மீனைக் கண்டடைய வேண்டும், இல்லையேல் மடியும். கரையோரப் பாறைகளிலும் கழிமுகங்களிலும் சிதறி வாழும் கொடுவாவை அந்த நேரத்துக்குள் எதிர்கொள்வது பெரும்பாலும் நடப்பதில்லை. எனவே ஒரு மீனில் சில புழுக்களே இருக்கும். அவற்றால் அந்த மீனுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கும் இல்லை. ஆயிரக்கணக்கான கொடுவாக்களை ஒரே வட்டத்துக்குள் அடைத்துவைத்த நாளில் இந்த நிலை மாறிவிட்டது.

வலையே முட்டைத் தொட்டில்

கூண்டில் நடப்பதை முட்டையிலிருந்து பார்ப்பது நல்லது. பல மோனோஜீனியா இனங்களின் முட்டைகளில் நீண்ட நூலிழை ஒன்று உண்டு. ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் எதிலாவது சிக்கிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. கூண்டின் வலைக்கண்கள் அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இடம். வலையில் பாசியும் கொட்டலசும் சிப்பியும் படர்ந்துவிட்டால் முட்டைகள் இன்னும் உறுதியாகத் தங்குகின்றன. அதே படர்வு நீரோட்டத்தையும் தடுக்கிறது. உயிர்வாயு குறைந்த நீரில், புழுவால் செவுள் சிதைந்த மீன் மூச்சுக்குத் திணறுகிறது.

வெப்பநிலை இன்னொரு காரணம். வெதுவெதுப்பான நீரில் முட்டை பொரிவதும் புழு முதிர்வதும் விரைவுபடுகின்றன. குளிர்ந்த நாடுகளில் வாரக்கணக்கில் நீளும் சுழற்சி, இந்தியக் கடலோர நீரில் நாட்கணக்கில் முடிந்துவிடும். ஆகவே குளிர்நாட்டுக் கையேட்டில் எழுதியுள்ள சிகிச்சை இடைவெளியை அப்படியே இங்கு பின்பற்றுவது பயன்தராது.

அறிகுறிகள் தெளிவானவை அல்ல. மீன் வலையில் உடலைத் தேய்க்கும், தீவனத்தை மறுக்கும், மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடும், செவுள் வெளிறிக் கோழை படர்ந்திருக்கும். பாக்டீரியா நோயிலும், நீரில் உயிர்வாயு குறைந்தாலும் இவற்றில் பல தோன்றுகின்றன. புழு துளைத்த செவுளில் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பின்னால் வந்து குடியேறுவதால் குழப்பம் கூடுகிறது. உருப்பெருக்கி வசதியில்லாத வளர்ப்பாளர், இறந்த மீனைக் கண்டதும் கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தை நாடுவது எதிர்பார்க்கக் கூடியதே. புழுவின் மீது அதற்கு எந்த விளைவும் இல்லை. மருந்து எச்சம் மட்டும் மீனில் தங்கும். ஏற்றுமதி நாடுகள் ஆன்டிபயாட்டிக் எச்சத்தைக் காரணம் காட்டி இந்தியக் கடல் உணவுச் சரக்குகளைத் திருப்பி அனுப்பியிருக்கும் நிலையில், ஒரு தவறான நோய்க் கணிப்பின் விலை அந்தக் கூண்டோடு நிற்பதில்லை.

சரியான சிகிச்சை இல்லாமல் இல்லை. கடல்மீனைச் சில நிமிடங்கள் நன்னீரில் மூழ்கவைத்தால், உப்பு வேறுபாட்டைத் தாங்க முடியாமல் புழுக்கள் பல உதிர்ந்துவிடும். செலவு குறைந்த, எச்சம் விடாத முறை இது. ஆனால் நடைமுறையில் அதன் பொருள் என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் ஆழமும் கொண்ட கூண்டின் கொள்ளளவு ஏறத்தாழ 113 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 25 மீன் என வைத்தால் சுமார் 2,800 மீன்கள். தொட்டியில் ஒரு தடவைக்கு 50 மீன்களை 5 நிமிடம் வைத்தால் 56 தடவை. மூழ்கவைக்கும் நேரம் மட்டுமே 4 மணி 40 நிமிடம். மீனைக் கோரி எடுப்பது, திரும்ப விடுவது, கரையிலிருந்து நன்னீரைப் படகில் கொண்டுவருவது ஆகியவை இதில் சேராது. இவ்வளவு செய்த பிறகும் வலையில் சிக்கிய முட்டைகள் உயிருடன் இருக்கும். அதே வலைக்குள் மீனைத் திரும்ப விட்டால் சில நாட்களில் புதிய தலைமுறை பொரிந்துவிடும்.

அதனால்தான் இந்நோயில் மருந்தைவிட மாற்று வலை முக்கியமாகிறது. குளிப்பாட்டிய மீனை வேறு சுத்தமான வலைக்கு மாற்ற வேண்டும். பழைய வலையைக் கரையேற்றி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். மீனில் தப்பிய இளம்புழுக்கள் முதிர்ந்து முட்டையிடும் முன் இரண்டாம் முறை குளிப்பாட்ட வேண்டும். ஒரே ஒரு வலையோடு கூண்டு பெற்ற குழுவுக்கு இதில் முதல் படியே முடியாது.

பிற வழிகளுக்கும் விலை உண்டு. பிராசிகுவான்டல் என்ற புழுநீக்கி மருந்து கசப்பானது. தீவனத்தில் கலந்தால் மீன் உண்ண மறுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு குளியல் ஆஸ்திரேலியாவின் கிங்ஃபிஷ் பண்ணைகளில் வழக்கத்தில் உள்ளது. அளவு தவறினால், சூடான நீரில் அது மீனையே கொல்லும். ஃபார்மலின் பழைய முறை. நீரின் உயிர்வாயுவைக் குறைக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் செவுள் சிதைந்த மீனுக்கு ஆபத்தானது. கையாளும் தொழிலாளருக்கும் நல்லதன்று. கேரளத்தில் 2018-இல் ஃபார்மலின் கலந்த மீன்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது எழுந்த அச்சம் இன்னும் மறையவில்லை. இறந்த மீன் கெடாமலிருக்க அதைப் பூசுவதும், உயிருள்ள மீனுக்கு நீர்த்த குளியலாகத் தருவதும் வெவ்வேறு செயல்கள் என்று சந்தையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க எந்த வளர்ப்பாளராலும் இயலாது.

ஆஸ்திரேலிய அனுபவத்தில் மருந்தைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் கிங்ஃபிஷ் மீனைத் தோல் புழு ஒன்றும் செவுள் புழு ஒன்றும் சேர்ந்தே தாக்கின. ஒரு கூண்டைச் சுத்தம் செய்தால் அலையோட்டத்தில் பக்கத்துக் கூண்டின் இளம்புழுக்கள் வந்து சேர்ந்தன. ஆகவே நீரின் வெப்பநிலையைக் கொண்டு முட்டை பொரியும் நாளைக் கணித்து, ஒரே பகுதியிலுள்ள கூண்டுகள் அனைத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்று ஆய்வுகள் வலியுறுத்தின. அங்கு ஒரு பகுதியைச் சில நிறுவனங்களே வைத்திருந்தன, உடன்பாடு எளிது. இந்தியக் கழிமுகம் ஒன்றில் அடுத்தடுத்து நிற்கும் கூண்டுகள் சுயஉதவிக் குழுவுக்கும், தனி மீனவர்களுக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் தனித்தனியே சொந்தம். ஒரே வாரத்தில் எல்லோரும் வலை மாற்றுவதை யார் ஒருங்கிணைப்பது என்பதற்கு இன்று பதில் இல்லை.

குஞ்சுடன் பயணிக்கும் புழு

கூண்டுக்குள் புழு வரும் வழிகள் இரண்டு. சுற்றியுள்ள காட்டு மீன்களிடமிருந்து வருவதைத் தடுக்க இயலாது. இன்னொரு வழி மீன்குஞ்சு. கொடுவாவின் செயற்கை இனப்பெருக்கத்தைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் சாதித்தது. கடல் விராலை மண்டபத்தில் 2010-இல் குஞ்சு பொரிக்கச் செய்தனர். அன்று முதல் குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து நாற்றங்கால் குளத்துக்கும், அங்கிருந்து லாரியில் வேறு மாநிலக் கூண்டுக்கும் செல்கின்றன. வங்கக் கடலோரக் குஞ்சு அரபிக் கடலோரக் கூண்டில் வளர்வது இத்தொழிலில் இயல்பு. ஏற்றும்போது செவுளைச் சோதிக்காவிட்டால் புழுவும் உடன் செல்லும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்திய ஆசியாவின் ஆரல் கடல் சான்று. சோவியத் அதிகாரிகள் 1930-களின் முற்பகுதியில் காஸ்பியன் கடலிலிருந்து ஒரு வகை ஸ்டர்ஜன் மீனை ஆரலுக்குக் கொண்டுவந்தனர். மீன்வளத்தைப் பெருக்குவதே நோக்கம். அந்த மீனின் செவுளில் இருந்த மோனோஜீனியா புழு, ஆரலில் காலங்காலமாக வாழ்ந்த வேறொரு ஸ்டர்ஜன் இனத்துக்குத் தாவியது. காஸ்பியன் மீன் அந்தப் புழுவுடன் பழகியது. ஆரல் மீன் அதைக் கண்டதே இல்லை. 1936-இல் ஆரல் ஸ்டர்ஜன் கூட்டங்கூட்டமாக மடிந்தது. ஆரல் கடல் வற்றிப்போன கதையை உலகம் அறியும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் மீன்வளத்தில் விழுந்த இந்த அடி, ஒட்டுண்ணி ஆய்வாளர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

இந்த உதாரணம் இந்தியாவுக்கு இப்போது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 2025-26 மத்திய பட்ஜெட், நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்திலும் ஆழ்கடலிலும் மீன்வளத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டமைப்பை அறிவித்தபோது, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவுகளுக்குச் சிறப்புக் கவனம் தரப்படும் என்றது. அந்தமானின் நார்த் பே பகுதியில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஏற்கெனவே திறந்த கடல் கூண்டுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. தீவுகளில் கூண்டுகள் பெருகினால் குஞ்சுகளுக்கான முதல் ஆதாரம் இயல்பாகப் பெருநிலப் பொரிப்பகங்களாகவே இருக்கும். பவளப்பாறையைச் சார்ந்து வாழும் களவா, சங்கரா போன்ற மீன்களின் உறவினங்கள் தீவு நீரில் ஏராளம். நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயணம் என்பதால் இது இறக்குமதித் தனிமைப்படுத்தல் விதிகளின் கீழ் வராது. புழுவுக்கு மாநில எல்லையும் தேச எல்லையும் ஒன்றே.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் நோய்

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டபோது பெரும்பாலும் இறால் குளங்களையே மனத்தில் வைத்திருந்தது. 2023-இல் நிறைவேறிய திருத்தம் கூண்டு வளர்ப்பு, கடற்பாசி, சிப்பி வளர்ப்பு ஆகியவற்றை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. நோய்த் தடுப்பும் அதில் வலியுறுத்தப்பட்டது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபணு வள அமைப்பின் ஒருங்கிணைப்பில் நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013 முதல் நடைபெறுகிறது. வளர்ப்பாளர் கைப்பேசியிலிருந்தே நோயைத் தெரிவிக்கும் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலி 2023-இல் அறிமுகமானது.

சிக்கல் முன்னுரிமையில் இருக்கிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் மீன் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ள ஒரே புழு, நார்வேயின் சுமார் 50 ஆறுகளில் சால்மன் மீனைத் தாக்கிய நன்னீர் மோனோஜீனியா இனம். கொடுவா, களவா, பொம்பனோ ஆகியவற்றின் செவுள் புழுக்கள் அதில் இல்லை. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வைரஸ் நோய்கள். நாடுகள் தங்கள் ஆய்வகங்களையும் நிதியையும் பட்டியலை ஒட்டி வகுப்பது இயல்பு. ஒரே வாரத்தில் குளத்தையே காலியாக்கும் வைரஸுக்கு அவசரம் உண்டு. தீவனத்தை வீணாக்கி, வளர்ச்சியைக் குறைத்து, ஒவ்வொரு நாளும் சில மீன்களைக் கொல்லும் புழுவுக்கு அது இல்லை. இழப்பு சிறு சிறு பகுதிகளாக வருவதால் அது புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. புள்ளிவிவரத்தில் ஏறாததால் நிதியும் வருவதில்லை.

இங்குதான் காப்பீடும் தடுமாறுகிறது. மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்த ரூ.6,000 கோடி துணைத் திட்டத்தில், மீன் வளர்ப்புக் காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். கூண்டு வளர்ப்பு போன்ற தீவிர முறைகளுக்கு அதன் உச்சவரம்பு ரூ.1 லட்சம், அலகின் கொள்ளளவு 1,800 கன மீட்டருக்கு மேற்படக் கூடாது. மேலே கண்ட அளவில் அது சுமார் 16 கூண்டுகள். சிறு வளர்ப்பாளருக்குப் போதுமான வரம்புதான். ஆனால் புயலில் கூண்டு உடைந்தால் அதை எல்லோரும் பார்க்கலாம். ஆறு வாரங்களாகச் செவுள் புழுவால் மெலிந்த மீனின் இழப்பை நிறுவ, நாள்தோறும் இறந்த மீன்களின் கணக்கும், ஆய்வக அறிக்கையும், வலை மாற்றிய பதிவும் வேண்டும். அவற்றை வைத்திருப்பது எப்படி என்று கற்றுத்தராமல் பிரீமியத்தில் பங்கு தருவது பாதி உதவியே.

தேவைப்படும் மாற்றங்கள் பெரும் செலவுள்ளவை அல்ல. கூண்டுக்கான மானியத்தில் இரண்டாவது வலையைக் கட்டாயமாகச் சேர்க்கலாம். குஞ்சுகளை அனுப்பும் பொரிப்பகமும் நாற்றங்காலும் ஒவ்வொரு தொகுதியிலும் சில குஞ்சுகளின் செவுளை உருப்பெருக்கியில் பார்த்துச் சான்று தருவதை உரிம நிபந்தனையாக்கலாம். 2023 திருத்தத்துக்குப் பின் ஆணையத்துக்கு அதற்கான வாய்ப்பு இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அரசு அலுவலகத்தில் சாதாரணக் கூட்டு உருப்பெருக்கி ஒன்றும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், செவுள் புழுவா பாக்டீரியாவா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கழிமுகம் ஒன்றுக்குக் கூண்டுகளை ஒதுக்கும்போதே எத்தனை கூண்டுகள், எவ்வளவு இடைவெளி, எந்த வாரத்தில் எல்லோரும் வலை மாற்றுவது என்பதை நிபந்தனையாக எழுதலாம். இவற்றில் கடைசியானதே கடினமானது. பணம் இருந்தாலும் அதற்கு உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

நுகர்வோர் அஞ்சுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. மோனோஜீனியா புழுக்கள் மனிதரைத் தொற்றுவதில்லை; மீனை ஆயும்போது செவுளை எப்படியும் நீக்கிவிடுகிறோம். சமைத்த மீனில் அவை உயிருடன் இருக்க வழியும் இல்லை. பாதிப்பு முழுவதும் வளர்ப்பவர் பக்கமே. மீன் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கியதும், வேறு வலையோ படகோ நன்னீரோ இல்லாத குழுவுக்கு எஞ்சும் வழி உடனடியாக அறுவடை செய்வது. ஒரு கிலோவைத் தாண்டினால் நல்ல விலை பெறும் கொடுவா, அரைக் கிலோவிலேயே, செவுள் வெளிறிய நிலையில் ஏலக்கூடத்துக்கு வரும். மீனின் புத்துணர்ச்சியைச் செவுளின் சிவப்பைப் பார்த்தே முடிவுசெய்யும் வியாபாரி, அன்று காலையில் பிடித்த அந்த மீனுக்குப் பழைய மீனின் விலையைத்தான் சொல்வார்.